என் பக்கத்துச் சுவிட்ச்

என் பன்னுக்கு,

உங்களை இந்தப் பெயரில் கூப்பிடுவது நமக்குள் மட்டும்தான். நாலு பேர் முன்னால் கூப்பிட்டால், ரொட்டி வண்டிக்காரன் பெண்டாட்டி புருஷனையும் சேர்த்து விற்கிறாள் என்பார்கள் என்று தடுத்து வைத்திருந்தீர்கள். இனித் தடுக்க ஆளில்லை, எழுதிவிட்டேன். கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். செத்துப்போனவரிடம் எப்படி விசாரிப்பது என்பது ஆறாம் வகுப்புப் பாடமோ என்னவோ, அதற்குள் என்னை நிறுத்திவிட்டார்கள். ஆகையால் என் நலத்தை மட்டும் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஸ்டீயரிங் பிடித்ததில் தோள்பட்டை வலி புதிதாக வந்திருக்கிறது. மொத்தத்தில் நலம்தான்.

நாலு மாதமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று கேட்பீர்கள். சண்டை போடத்தான். என் பக்கத்துச் சுவிட்ச் சங்கதி வெளியே வந்துவிட்டது.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். கல்யாணம் ஆன புதிதில் நான் முதல்முதலாக உங்களோடு ரொட்டி வண்டியில் வந்த அன்று, தண்ணீர்த்தொட்டி மேட்டில் வண்டி முனக ஆரம்பித்தது, பின்னால் தட்டுகள் எல்லாம் ஒருசேரச் சரிந்தன, நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன், அகப்பட்டது உங்கள் கை, அதுவும் கியர் போடுகிற கை, வண்டி பாதி மேட்டிலிருந்து பின்னாலேயே உருண்டு வந்து கீழே குப்பைத்தொட்டியில் முட்டி நின்றது. நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. இறங்கிப்போய் ரொட்டிகளை அடுக்கினீர்கள். மறுநாள் என் இருக்கைக்கு நேர் எதிரே ஒரு கறுப்புச் சுவிட்ச் முளைத்திருந்தது. “ஓனரம்மா, இது உன் பொறுப்பு. மேடு ஆரம்பிக்கும்போது நான் தாடையைத் தூக்குவேன். அப்ப போடு. உச்சிக்குப் போனதும் அணைச்சிடு. என்ஜினுக்கு இது கூடுதல் பலம்” என்றீர்கள். தாடையைத் தூக்கினீர்கள், போட்டேன். உள்ளே எங்கேயோ ‘டக்’ என்று ஒரு சத்தம். வண்டி ஏறியது. நான் ஏற்றினேன்.

பதினொரு வருஷம். ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் காலையில். எத்தனை தடவை என்று கணக்குப் போடமாட்டேன், போட்டால் கோபம் இன்னும் ஏறும். மேடு வருவதற்கு இரண்டு தெரு முன்னாலேயே நான் முந்தானையைச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். பேச்சு வார்த்தை எல்லாம் நிறுத்திவிடுவேன். ஒரு நொடி பிந்திப் போட்டால் ரோட்டைப் பார்த்தபடியே “லேட்டு” என்பீர்கள். “லேட்டு இல்ல, நீங்க தாடையைத் தூக்கினது லேட்டு” என்பேன். அதற்காக ஒருமுறை நாம் இரண்டு நாள் பேசாமல் இருந்தோம், நீங்கள் தாடையைத் தூக்குவதும் நான் சுவிட்ச் போடுவதும் மட்டும் நடந்தது. எனக்குக் காய்ச்சல் வந்து நீங்கள் தனியாகப் போய்வந்த அன்று, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே “இன்னைக்கு வண்டி மேடு ஏறவே மாட்டேன்னு அழுதுச்சு” என்றீர்கள். அதைக் கேட்டு நான் மறுநாள் காய்ச்சலோடு போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து சுவிட்ச் போட்டேன். உங்கள் அக்காவிடம், “அண்ணி, அவர் ஓட்டறார், அவ்வளவுதான். மேடு ஏத்தறது என் கை” என்று எத்தனை தடவை பெருமையடித்திருப்பேன். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினீர்களே. உங்கள் தலை எப்படி ஆடியது என்றுதான் இப்போது யோசிக்கிறேன்.

நடந்ததை முறையாகச் சொல்லவேண்டும். பேக்கரி வாசலில் கடைசித் தட்டை ஏற்றிவிட்டு, கொஞ்சம் உட்கார்கிறேன் என்று படியில் உட்கார்ந்தீர்கள். அதற்குமேல் எழுத எனக்கு வரவில்லை, உங்களுக்கே தெரியும். முப்பது நாள் கழித்து பேக்கரி முதலாளி வீட்டுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, “வண்டிய வித்துடும்மா, நல்ல ஆளாப் பார்த்துத் தர்றேன்” என்றார். நான் விற்கமாட்டேன், நானே ஓட்டுவேன், ரொட்டி ரூட் எனக்குத்தான் வேண்டும் என்றேன். அவர் என் முழங்காலைப் பார்த்தார். “தண்ணீர்த்தொட்டி மேடு இருக்கேம்மா” என்றார். “மேட்டை இத்தனை வருஷமா ஏத்தினதே நான்தான்” என்றேன். பாவம், அவருக்கு இழவு வீட்டில் எதிர்த்துப் பேசத் தெரியவில்லை. ஆனால் வியாபாரி வியாபாரிதான். “சரி. லைசென்ஸ் எடு, அதுவரைக்கும் வாடகை வண்டியில சமாளிக்கறேன். வண்டிக்குத் தகுதிச் சான்று முடியப்போகுது, வியாழக்கிழமை பரிசோதனைன்னு உன் வீட்டுக்காரர் சட்டைப்பையில சீட்டு வச்சிருந்தாரு, அது மூணு மாசம் கழிச்சு வருது. அதுல பாஸ் பண்ணிட்டு வா, ரூட்டு உனக்கு. இல்லன்னா வெள்ளிக்கிழமை நிரந்தரமா வேற வண்டி கிளம்பிடும். ஆஸ்பத்திரிக்காரனுக்கு ரொட்டி காலையில போகணும். மதியம் வந்து நான் விதவைன்னு சொன்னா அவன் கேக்கமாட்டான்” என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்கு அவரே வெட்கப்பட்டு ஒரு முழு பன் பெட்டியை வைத்துவிட்டுப் போனார்.

லைசென்ஸ் எடுத்த கதையை எழுதினால் தாள் போதாது. இரண்டாம் தடவையில் எடுத்துவிட்டேன். எடுத்த மறுநாள் காலையில் வெறும் தட்டுகளோடு மேட்டில் ஒத்திகை பார்க்கப் போனேன். துணைக்கு உங்கள் அக்கா வந்தார். முன்னால் உட்காரச் சொன்னேன், மாட்டேன் என்றார். “எதுல மோதினாலும் முன்னாடி இருக்கறதுதான் முதல்ல மோதும், நான் பின்னாடி தட்டோட தட்டா வர்றேன்” என்று ரொட்டிப் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆக, சுவிட்ச் போட ஆளில்லை. நான் என்ன செய்வேன். மேடு வந்ததும் எனக்கு நானே தாடையைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மறு கையையும் பாதி உடம்பையும் அந்தப் பக்கம் நீட்டினேன். சுவிட்ச் எட்டியது, டக் என்றது, வண்டி நான் சாய்ந்த பக்கமே சாய்ந்து, மேட்டு வளைவில் இருக்கிற நீல வீட்டின் துணிக்கொடிக்குள் நுழைந்தது. நல்லவேளை சுவர் இல்லை, வெறும் கயிறுதான். வெளியே வரும்போது வண்டிக்கு முன்னால் ஒரு பெரிய பூப்போட்ட படுக்கை விரிப்பு, கண்ணாடி முழுக்க மூடிக்கொண்டு. வைப்பரைப் போட்டேன், அது விரிப்பை அழகாக நீவிவிட்டது. பின்னாலிருந்து உங்கள் அக்கா பலகையைத் தட்டி, “ஏண்டி, உச்சிக்கு வந்துட்டமா” என்கிறார். “தெரியல அண்ணி” என்றேன். நீல வீட்டுக்காரி செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடிவந்தாள். ஆனால் ஒன்று, வண்டி ஏறிவிட்டது. சுவிட்ச் போட்டேன் அல்லவா, ஏறாமல் என்ன செய்யும் என்று அப்போதும் நம்பினேன்.

அதனால்தான் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். சுவிட்சை என் பக்கத்துக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லலாம் என்று. சந்தை முனையில் பட்டறை வைத்திருக்கிறாரே, கறுப்பு டேப் சுருளை வளையல் மாதிரி கையில் போட்டுக்கொண்டு திரிகிறவர், எல்லாரும் டேப்பு என்று கூப்பிடுவார்கள், அவர்தான். வந்தார். டேஷ்போர்டின் அடிமூடியைக் கழற்றினார். தலையை உள்ளே விட்டார். பிறகு, “இத யாரு பண்ணினது” என்று உள்ளேயிருந்து கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். “இருக்காரா” என்றார். இல்லை என்றேன். “அப்ப ஒண்ணும் சொல்லல” என்றார்.

சொல்லாமல் இருந்தாரா என்றால் இல்லை. நீங்கள் மூடுபனி விளக்குக்குப் போட்டிருக்கிற சுவிட்ச், வீட்டுக் கூடத்தில் டியூப்லைட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சுவிட்சாம். இரண்டு விளக்கின் மொத்தக் கரண்டும் அந்தச் சின்னச் சுவிட்சின் வழியாகவே போய்வருகிறதாம். “இது சூடாகுமே, கவனிச்சதில்லையா” என்றார். கவனித்தேனே. குளிர்ந்த காலையில் நானும் நீங்களும் மாறி மாறி அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வோமே, அதை அவரிடம் சொன்னேன். அவர் இறங்கிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஹாரனும் அப்படித்தான், பின்னால் மாட்டிய பெரிய பிரேக் விளக்குகளும் அப்படித்தான், ரொட்டிப் பெட்டிக்குள் இருக்கிற மின்விசிறியும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பியூஸ், அந்தப் பியூசும் பியூஸ் இல்லையாம், சிகரெட் டப்பாவின் வெள்ளித்தாளாம். “இது எரியாம இருந்தது உங்க புண்ணியம். பரிசோதனையில இத அதிகாரி பார்த்தா சான்று குடுக்கமாட்டாரு, உங்களப் பிடிச்சுக் குடுத்துடுவாரு. எல்லாத்துக்கும் ரிலே போடணும்” என்றார்.

ரிலே என்றால் என்ன என்று கேட்டேன். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, கீழே நாலு தகரக் கால்கள், காலுக்குக் கால் எண் போட்டிருக்கிறது. முப்பதாம் நம்பர் காலில் பேட்டரியிலிருந்து பெரிய கரண்டு வந்து காத்திருக்கும். எண்பத்தேழாம் நம்பர் விளக்குக்கோ ஹாரனுக்கோ போகும். எண்பத்தைந்து வண்டி உடம்பில் முடியும். எண்பத்தாறில் சுவிட்ச். சுவிட்ச் போட்டால் எண்பத்தாறுக்குக் கொஞ்சூண்டு கரண்டு போகும், உள்ளே ஒரு நாக்கு டக் என்று ஒட்டிக்கொள்ளும், முப்பதிலிருந்து எண்பத்தேழுக்குப் பெரிய கரண்டு பாயும். அவர் சொன்னது பாதி புரிந்தது, மீதியை நானே புரிந்துகொண்டேன். உங்கள் அம்மா இருந்தபோது கட்டிலில் சாய்ந்தபடி “தண்ணி” என்று ஒரு சொல் சொல்வார். குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவது நான். சொல் லேசு, குடம் கனம். சுவிட்ச் உங்கள் அம்மா, ரிலே நான். ரிலே போடாமல் விட்டால் உங்கள் அம்மாவையே குடம் தூக்கவைத்த மாதிரி, சூடாகாமல் என்ன செய்வார்கள். “சரியா சொன்னீங்கம்மா” என்றார் டேப்பு. பக்கத்தில் நின்ற உங்கள் அக்காவுக்குத்தான் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். “எங்கம்மாவ ஏண்டி டேஷ்போர்டுக்குள்ள இழுக்கறே” என்றார்.

இதற்கிடையில்தான் அது நடந்தது. “அப்ப இந்த வண்டியில ரிலேயே கிடையாதா” என்று கேட்டேன். “ஒண்ணே ஒண்ணு இருக்கு” என்றார். என் பக்கத்துச் சுவிட்சைப் போட்டார். டக். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பார்த்தீர்களா அண்ணி என்கிற மாதிரி உங்கள் அக்காவைப் பார்த்தேன். டேப்பு மறுபடி போட்டார், அணைத்தார், போட்டார். இறங்கி முன்னால் போய்ப் பார்த்தார், பின்னால் போய்ப் பார்த்தார், என்ஜின் மூடியைத் திறந்து பார்த்தார். திரும்பி வந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு, “இது எதுக்கும்மா” என்றார்.

“மேட்டுக்கு.”

“மேட்டுக்குன்னா?”

“என்ஜினுக்குக் கூடுதல் பலம்.”

“என்ஜினுக்கு இதுலேர்ந்து ஒரு நூல்கூடப் போகலையேம்மா. எண்பத்தேழுலேர்ந்து முடி கனத்துல ஒரு ஒயர் உள்ள போய் எங்கேயோ செத்துக் கிடக்கு. இது டக்குனு சத்தம் போடும். வேற ஒண்ணும் பண்ணாது.” பிறகு யோசித்துவிட்டு, “ஆச்சரியமான மனுஷன். ரிலே இருக்கவேண்டிய எடத்துல எல்லாம் ரிலே இல்ல. இருக்கற ஒரே ரிலே ஒண்ணுமே இல்லாத எடத்துல இருக்கு” என்றார்.

உங்கள் அக்கா முதலில் சிரிக்கவில்லை. வாயை முந்தானையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்புறம் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டே வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். “காய்ச்சலோட போனியேடி” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, “போர்வையச் சுத்திக்கிட்டுப் போனியேடி” என்றார். சாயங்காலத்துக்குள் பேக்கரி முழுக்கச் சேதி போய்விட்டது. மறுநாள் நான் உள்ளே நுழைந்தால் அடுப்புக்காரர் மாவுக் கையோடு என்னைப் பார்த்துத் தாடையைத் தூக்குகிறார். பக்கத்தில் இருந்தவர் மேசையில் டக் என்று தட்டுகிறார். மொத்த அடுப்படியும் மேடு ஏறுகிறது. முதலாளிகூடக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு தாடையை லேசாக, அரை அங்குலம்.

சிரிக்கட்டும், எனக்குச் சிரிப்பு வலிக்கவில்லை. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வலித்தது வேறு. பதினொரு வருஷமாக அந்த வண்டியில் நான் ஒரு வேலை செய்தேன் என்றுதான் ரூட்டைக் கேட்டேன். அந்த நம்பிக்கையில்தான் இந்த வயதில் கிளட்ச் மிதித்தேன். நான் வெறும் சுமைதான் என்றால், ரொட்டித் தட்டோடு எண்ணப்படுகிற இன்னொரு தட்டு என்றால், என்ன தைரியத்தில் வியாழக்கிழமை போய் நிற்பது? உன்னைத்தான் கேட்கிறேன். பயந்த குழந்தைக்குக் கிலுகிலுப்பை கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டு, “லேட்டு” என்று வேறு சொன்னாயே, உனக்கு வாய் கூசவில்லையா? இரண்டு நாள் பேசாமல் இருந்தாயே, எதற்காக? ஒன்றுமில்லாத ஒன்றை ஒரு நொடி பிந்திப் போட்டதற்காகவா? உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே பேசாமல் இருந்தாயா?

கோபத்தில் ஒருமையில் எழுதிவிட்டேன். அடித்துவிட்டுத் திருத்தினால் தாள் அசிங்கமாகும், அப்படியே இருக்கட்டும். நீங்களே ‘ங்கள்’ சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.

அந்தக் கோபத்தில்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். டேப்புவிடம், “ரிலே மாட்டறப்ப நானும் கூட வேலை செய்வேன், எனக்குச் சொல்லிக்குடுங்க, இந்த வண்டியில நான் போட்டா நிஜமா எரியற மாதிரி ஒண்ணாவது இருக்கணும்” என்றேன். உங்கள் வெள்ளைச் சுவிட்சை, வெள்ளித்தாளை, இன்னும் என்னென்னவோ பிடுங்கி ஒரு வாளியில் போட்டோம். ஒயர் முனையைச் சீவி, பித்தளைக் கொக்கியில் நுழைத்து, குறட்டால் நசுக்கி, இழுத்துப் பார்க்கவேண்டும். முதல் பத்து கொக்கி நசுங்கிக் கூழாகிவிட்டது, பதினொன்றாவதை டேப்பு இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை நீட்டினார். விளக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, பிரேக் விளக்குக்கு ஒன்று, விசிறிக்கு ஒன்று, நாலு ரிலே, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பியூஸ். ஒரே ஒரு குறை, அன்று அவரிடம் சிவப்பு ஒயர் மட்டும்தான் இருந்தது. “எல்லாம் சிவப்பா இருக்கே, எது எதுன்னு நூல் கட்டட்டுமா” என்றேன். “நாப்பது வருஷமா பண்றேன், எல்லாம் இங்க இருக்கும்மா” என்று நெற்றியைத் தொட்டுக்காட்டினார். என் சுவிட்சை மட்டும் பிடுங்கவில்லை. அந்த முடி ஒயரைத் தேடி எடுக்க ஸ்டீயரிங் மூடியைக் கழற்றவேண்டும், நேரமில்லை, பரிசோதனை முடிந்ததும் பிடுங்கிவிடலாம் என்றார். இருக்கட்டும், பொய்க்கு ஒரு வாரம் ஆயுள் கூடினால் என்ன என்று விட்டேன். புதன்கிழமை உட்கார்ந்து வண்டியை உள்ளும் புறமும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். இத்தனை வருஷ மாவும் உங்கள் கை எண்ணெயும் சேர்ந்து டேஷ்போர்டில் ஒரு தோலே இருந்தது. மூன்று வாளித் தண்ணீர்.

வியாழக்கிழமை. பெரிய மைதானம், நடுவில் வெள்ளைக் கோடு, வரிசையாக வண்டிகள். அதிகாரி ஒல்லியானவர், வெயிலுக்குக் குடை பிடித்திருந்தார், இன்னொரு கையில் அட்டை. உங்கள் அக்கா வண்டிக்குப் பின்னால் விளக்கு பார்த்துச் சொல்வதற்கு நின்றார். டேப்பு வருகிறேன் என்றார், வரவில்லை. “முன்னாடி வந்து கோட்டுல நிறுத்துங்கம்மா” என்றார் அதிகாரி. மெதுவாக வந்து பிரேக்கை மிதித்தேன். ஹாரன் அலறியது. அதிகாரி ஒரு துள்ளு துள்ளி ஒதுங்கினார், குடை இன்னொரு பக்கம் ஒதுங்கியது.

“என்னம்மா, நான் நகரணுமா?”

“இல்லைங்க ஐயா, நான் நிக்கறேன்.”

“நிக்கறதுக்கு எதுக்கு ஹாரன்?”

“தெரியலைங்க” என்று சொல்லிவிட்டு, வண்டி உருளுகிறதே என்று மறுபடி மிதித்தேன். மறுபடி அலறியது. எனக்குக் கால் நடுங்கியது, கால் நடுங்க நடுங்க ஹாரனும் விட்டு விட்டு அடித்தது, வரிசையில் இருந்த லாரிக்காரர்கள் எல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள். “சரி, ஹாரன இப்ப நிஜமா அடிங்க” என்றார் அதிகாரி. அடித்தேன். சத்தமே இல்லை. பின்னாலிருந்து உங்கள் அக்கா சந்தோஷமாக, “பிரேக் லைட்டு சூப்பரா எரியுதுடி” என்று குரல் கொடுத்தார்.

அதிகாரி அட்டையில் ஏதோ எழுத ஆரம்பித்தார். “அடுத்த மாசம் சரிபண்ணிக் கொண்டுவாங்க” என்றார். அடுத்த மாதம் என்றால் ரூட் போய்விட்டது என்று அர்த்தம். வெள்ளிக்கிழமை வேறு வண்டி. எனக்கு அழுகை வந்திருக்கவேண்டும். வரவில்லை. மனசில் நாலு கால்தான் வந்தது. பெரிய கரண்டு ஒழுங்காகப் போகிறது, ஹாரன் அலறுகிறது, விளக்கு எரிகிறது, குடம் தூக்குகிறவர்கள் சரியாகத்தான் தூக்குகிறார்கள். சொல்கிற வாய்தான் மாறிப்போயிருக்கிறது. அப்படியென்றால் கோளாறு எண்பத்தாறில். “ஐயா, கால் மணி நேரம் குடுங்க” என்றேன். “மெக்கானிக் வர்றாரா” என்றார். “வந்தாச்சு” என்று சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாக்கப் படுத்தேன். பேட்டரி முனையை முதலில் கழற்றினேன், அதை நான் மறக்கவில்லை. இரண்டாவது ரிலேயின் எண்பத்தாறை உருவி மூன்றாவதில், மூன்றாவதின் எண்பத்தாறை இரண்டாவதில். இரண்டுமே சிவப்பு. பேட்டரியை மாட்டி, எழுந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பிரேக்கை மிதித்தேன். நிசப்தம். அப்படி ஒரு நிசப்தம் என் வாழ்க்கையில் கேட்டதில்லை. உங்கள் அக்கா, “எரியுதுடி” என்றார். ஹாரனை அமுக்கினேன், இந்தத் தடவையும் அதிகாரி துள்ளினார், ஆனால் கொஞ்சம்தான். லாரிக்காரர்களில் யாரோ கைதட்டினார்கள்.

என்னை இறங்கச் சொல்லிவிட்டு அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நாலு ரிலேயையும் பியூசையும் எண்ணினார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் பக்கத்துச் சுவிட்சைப் போட்டார். டக். சுற்றிப் பார்த்தார். “இது என்னம்மா, எதுவும் எரியலையே” என்றார்.

“அது என் வீட்டுக்காரர் போட்டதுங்க ஐயா. எதுவும் எரியாது. அதுதான் அதோட வேலை.”

அவர் பேனா முனையை வரி வரியாக இறக்கிப் பார்த்தார். அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை போலிருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆக ரூட் எனக்கு. முதலாளி சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தட்டு கூட” என்றார், அவருக்கு வாழ்த்து என்றால் அவ்வளவுதான். இது உங்களால் இல்லை, என்னால். இதை எழுதத்தான் இத்தனை தாள். நாளை மறுநாள் டேப்பு வந்து உங்கள் சுவிட்சைப் பிடுங்கப்போகிறார். அந்த ஓட்டையில் ஒரு கடிகாரம் மாட்டுவேன், அதுவாவது உண்மை பேசும். இனி உங்களுக்கு எழுதமாட்டேன், தாடையைத் தூக்கிக் காட்டினாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன். உங்கள் அக்கா உங்களை ரொம்பக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், சிரித்துக்கொண்டேதான் சொல்லச் சொன்னார். அடுப்புக்காரர் முதல் அனைவரும் விசாரித்தார்கள். நீங்கள் போன இடத்தில் எந்த விளக்கையும் தொடாமல், தீப்பிடிக்காமல், நல்லபடியாக இருக்க ஆண்டவனைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்றுமில்லாததைப் பதினொரு வருஷம் போட்டு அணைத்த,
ஓனரம்மா

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் படிக்கவேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடவும். இன்று காலை முதல் ரூட் போனேன். சான்று வந்துவிட்டதால் உங்கள் அக்காவுக்குத் தைரியம் வந்து முன்னால், என் பழைய இடத்தில் உட்கார்ந்தார். மேடு வந்தது. என்னைக் கேலி செய்யத்தான், தாடையைத் தூக்கிக்கொண்டு சுவிட்சைப் போட்டார். டக். என் கதவுப் பக்க முழங்காலுக்கு நேரே, ஸ்டீயரிங் மூடிக்கு அடியில், மிளகு அளவுக்கு ஒரு பச்சை விளக்கு எரிந்தது. புதன்கிழமை நான் தேய்த்த இடம்தான், எரியாமல் இருந்ததால் கண்ணில் படவில்லை. “அணைங்க அண்ணி” என்றேன். அணைந்தது. “போடுங்க.” எரிந்தது. “ஏண்டி, என்னாச்சு” என்றார். ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் அது தெரியும், பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தெரியாது, தனியாக ஓட்டுகிறவள் எட்டிப் போட்டால் அவள் தலை அந்தப் பக்கம் இருக்கும். பதினொரு வருஷமும் நான் போட்ட ஒவ்வொரு தடவையும் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் எரிந்திருக்கிறது. ரோட்டைப் பார்த்தபடியே லேட்டு என்று சொன்னது பொய் இல்லை. ரொட்டியைக் கொடுத்துவிட்டு நேரே பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். டேப்பு வந்து படுத்துப் பார்த்தார். “இத்துனூண்டு விளக்குக்கு ரிலே வேண்டியதே இல்லம்மா. சுவிட்சுலேர்ந்து நேராவே எரியும். ரிலே போட்டா டக்குனு சத்தம் கேக்கும், அதத் தவிர ஒரு லாபமும் இல்ல” என்றார். கடிகாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹாரனுக்குப் போடவில்லை, விளக்குக்குப் போடவில்லை, தீப்பிடித்தாலும் பிடிக்கட்டும் என்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வண்டியில் இருந்த அந்த ஒரே ரிலேயை இங்கே மாட்டினீர்களே, விளக்கு உங்களுக்கு, அந்தச் சத்தம் எனக்கா?